இன்போர்டு படகில் ஸ்டெர்ன் டிரைவ் எஞ்சினைப் பொருத்த முடியுமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்களுடையது இன்போர்டு படகு, அதாவது உள்ளே இருக்கும் எஞ்சின் ஷாஃப்ட் என்ற தண்டு வழியாக ப்ரொப்பெல்லரைச் சுற்றும், படகைத் திருப்புவது சுக்கான். அதன் 5.7 லிட்டர் வி8 எஞ்சினில் பிளாக் (எஞ்சினின் உடல் வார்ப்பு) விரிசல் விட்டு வெடித்துவிட்டது. அதே 5.7 லிட்டர் மெர்க்ரூசர் எஞ்சின் ஒன்று, உடல் மக்கிப்போன ஒரு ஸ்டெர்ன் டிரைவ் படகோடு மலிவாகக் கிடைக்கிறது. ஸ்டெர்ன் டிரைவ் என்றால் எஞ்சின் படகுக்குள் இருக்கும், ப்ரொப்பெல்லரைத் தாங்கும் டிரைவ் பின்பலகைக்கு வெளியே தொங்கும். இரண்டும் ஒரே எஞ்சின்தானே, தூக்கி வைத்தால் ஓடுமா என்பது முதல் கேள்வி. அது சரிப்படாவிட்டால், பின்னால் தொங்கும் டிரைவையும் சேர்த்து என் படகுக்கே மாற்றிவிடலாமா என்பது இரண்டாவது. முதலாவதற்கு என் பதில்: எஞ்சின் வரும், ஆனால் அதன் மேல் மாட்டியிருப்பதில் பாதிக்கு மேல் வராது. இரண்டாவதற்கு: வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். படகு எஞ்சின் வேலையிலேயே பல வருடங்கள் இருந்திருக்கிறேன். நிச்சயமாகத் தெரிந்ததையும், எஞ்சினை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாததையும் பிரித்தே எழுதுகிறேன்.

மெர்க்ரூசர், வால்வோ பென்டா, க்ரூசேடர், பி.சி.எம்., இண்ட்மார் என்று மூடியில் எந்தப் பெயர் இருந்தாலும், அந்தக் கால 5.7 லிட்டர் வி8 எல்லாம் அடிப்படையில் ஜெனரல் மோட்டார்ஸின் 350 கன அங்குல ஸ்மால் பிளாக்தான். 1955-இல் ஷெவர்லே காருக்காக வந்த குடும்பம் அது. படகு நிறுவனங்கள் அதை வாங்கி, கடலுக்கு ஏற்ற கேஸ்கட், பித்தளை ப்ளக், தண்ணீர் குளிர்விக்கும் மேனிஃபோல்ட் எல்லாம் போட்டு விற்றார்கள். ஆகவே பிளாக், கிராங்க், பிஸ்டன், ஹெட் வரை உள்ள பகுதியை உங்கள் படகுக்குக் கொண்டுவருவதில் தடை இல்லை. அதற்கு வெளியே இருக்கும் ஒவ்வொன்றும், அது எந்த மாதிரிப் படகுக்குள் உட்காரப் போகிறது என்பதை வைத்துச் செய்யப்பட்டது. அதனால் நான் பின்பற்றும் வழி ஒன்றுதான்: வந்த எஞ்சினை உடை கழற்றி வெறும் எஞ்சினாக்கிவிட்டு, உங்கள் பழைய இன்போர்டு எஞ்சினின் உடுப்புகளை அதற்குப் போடுவது. வெடித்த எஞ்சினை அவசரப்பட்டு இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது சுழலும் திசை. மெர்க்ரூசர் ஸ்டெர்ன் டிரைவ் வி8 எல்லாம் இடப்பக்கச் சுழற்சி, அதாவது ஃப்ளைவீல் (எஞ்சினின் பின்முனையில் உள்ள கனமான சக்கரம்) பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. கார் எஞ்சினும் அப்படித்தான் சுழலும். ஆனால் இன்போர்டு படகுகளில், இரட்டை எஞ்சின் படகுகளிலும் பல ஸ்கை படகுகளிலும், வலப்பக்கமாகச் சுழலும் எஞ்சின்கள் நிறைய உண்டு. கேம்ஷாஃப்ட், அதை ஓட்டும் பல்சக்கரம், ஸ்டார்ட்டர், பின்பக்க ஆயில் சீல் எல்லாம் அதில் வேறு. உங்கள் பழைய எஞ்சின் எந்தப் பக்கம் என்று அறிய ப்ளக் ஒயர்களின் வரிசையைப் பாருங்கள். 1-8-4-3-6-5-7-2 என்றால் இடப்பக்கம். 1-2-7-5-6-3-4-8 என்றால் வலப்பக்கம். ஒயரை யாராவது முன்பே மாற்றி மாட்டியிருக்கக்கூடும் என்று தோன்றினால், எஞ்சின் ஓடிய காலத்தின் வீடியோ ஏதாவது இருந்தால் அதில் முன்பக்கக் கப்பி எந்தப் பக்கம் சுற்றியது என்று பாருங்கள். இடம், வலம் என்று யார் சொன்னாலும் எந்தப் பக்கம் நின்று சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வி-டிரைவ் படகுகளில் எஞ்சினே திரும்பி, ஃப்ளைவீல் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். அங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது.

உங்களுடையது வலப்பக்க எஞ்சினாக இருந்தாலும் வேலை நின்றுவிடாது, கூடுகிறது. போர்க் வார்னர் வெல்வெட் டிரைவ் 71, 72 வரிசை கியர்பாக்ஸ் என்றால், முன்பக்கம் உள்ள ஆயில் பம்பைக் கழற்றி, அதில் வார்த்திருக்கும் அம்புக்குறி புதிய சுழற்சியைக் காட்டும்படி திருப்பி மாட்ட வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டினால் பம்ப் அழுத்தம் தராது, கியர்பாக்ஸ் வீணாகிவிடும். ப்ரொப்பெல்லரையும் எதிர்க்கைக்கு மாற்ற வேண்டும். ரிவர்ஸ் கியரையே முன்னோக்கி ஓட்டப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். இரு திசையிலும் சமமாக உழைக்கும் கியர்பாக்ஸ்கள் இருக்கின்றன, ஆனால் இந்த 71, 72 வரிசை அந்த வகை இல்லை. அதன் ரிவர்ஸ் பகுதி தொடர்ந்து முழு பாரம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. இன்னொன்றும் உண்டு. வலக்கை ப்ரொப்பெல்லர் ரிவர்ஸில் படகின் பின்பக்கத்தை இடப்புறம் இழுக்கும், இடக்கை ப்ரொப்பெல்லர் வலப்புறம் இழுக்கும். இத்தனை காலம் எந்தப் பக்கம் சாய்த்துக் கரை சேர்த்தீர்களோ, அது தலைகீழாகிவிடும். முதல் நாள் அகலமான இடத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எஞ்சினின் பின்முனை. ஸ்டெர்ன் டிரைவில் ஃப்ளைவீல்மேல் ரப்பர் நடுவுள்ள கப்ளர் ஒன்று இருக்கும். டிரைவின் நீண்ட உள்ஷாஃப்ட் கிம்பல் பேரிங் வழியாக வந்து அதற்குள் நுழையும். இன்போர்டில் அந்த இடத்தில் ஸ்பிரிங் வைத்த டேம்பர் பிளேட் இருக்கும். கியர்பாக்ஸின் 26 பல் ஷாஃப்ட் அதற்குள் நுழையும். ஒன்றை மற்றதாகப் பயன்படுத்தவே முடியாது. இங்கே ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: ஃப்ளைவீல் கிராங்கோடு போகும், டேம்பர் பிளேட்டும் பெல் ஹவுசிங்கும் (ஃப்ளைவீலை மூடும் கூடு) கியர்பாக்ஸோடு போகும். ஃப்ளைவீல் ஏன் கிராங்கோடு போக வேண்டும் என்றால், 1986 வாக்கில் இந்த எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டானது. அதோடு ஃப்ளைவீல் போல்ட் வட்டம் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்குச் சுருங்கியது. எடைச் சமநிலையும் மாறியது. பழைய 350-க்கு ஃப்ளைவீலில் தனி எடை கிடையாது. புதியதில் ஃப்ளைவீலிலேயே ஒரு பக்கம் எடை வைத்துத்தான் கிராங்கின் சமநிலை முடிகிறது. போல்ட் வட்டம் வேறு என்பதால் நல்லவேளையாகத் தவறி மாட்ட முடியாது. ஆனால் யாராவது துளையைப் பெரிதாக்கி மாட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள், அந்த அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும். வந்த ஃப்ளைவீலில் உங்கள் டேம்பர் பிளேட்டுக்கான துளைகள் இருக்கின்றனவா, அதன் விட்டம் உங்கள் பெல் ஹவுசிங்குக்குள் அடங்குகிறதா என்று அளந்து பாருங்கள். இந்தக் குடும்பத்தில் 153 பல், 168 பல் என்று இரண்டு அளவு ஃப்ளைவீல் உண்டு, ஸ்டார்ட்டரும் அதற்கேற்ப மாறும்.

எஞ்சின் கால்கள் விஷயத்தை நிறையப் பேர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்டெர்ன் டிரைவில் ப்ரொப்பெல்லர் தள்ளும் விசை டிரைவின் வழியாக நேராகப் படகின் பின்பலகைக்குப் போய்விடுகிறது. எஞ்சினின் கால்கள் சுமப்பது எஞ்சினின் எடையையும் முறுக்கத்தையும் மட்டும். பின்கால்கள் இரண்டும் பின்பலகையோடு சேர்ந்த தட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இன்போர்டில் அப்படி இல்லை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத் தள்ளுகிறது, ஷாஃப்ட் கியர்பாக்ஸைத் தள்ளுகிறது, கியர்பாக்ஸ் எஞ்சினைத் தள்ளுகிறது, எஞ்சின் தன் கால்கள் வழியாக ஸ்ட்ரிங்கரை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டம்) தள்ளித்தான் படகே நகர்கிறது. ஸ்டெர்ன் டிரைவின் மெத்தென்ற கால்களை அங்கே வைத்தால் எஞ்சினே முன்னும் பின்னும் ஊசலாடும், ஷாஃப்ட் சீரமைப்பு நிற்காது. உங்கள் பழைய கால்களையே போடுங்கள். ரப்பர் ஊதியிருந்தால் இன்போர்டுக்கான புதிய கால்கள் வாங்குங்கள்.

தண்ணீர். வாங்கப்போகும் மெர்க்ரூசர், ஆல்பா, பிராவோ என்ற இரண்டு வகையில் எந்த டிரைவோடு இருந்தது என்பது இங்கே முக்கியம். ஆல்பா டிரைவ் என்றால் கடல்நீரை இழுக்கும் இம்பெல்லர் எஞ்சினில் இல்லை, அது டிரைவுக்குள் இருக்கிறது. டிரைவைக் கழற்றிய நொடியிலேயே அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்க வழி இல்லாமல் போகிறது. முன்பக்கம் கப்பியோடு சுற்றும் ஒரு பம்ப் கண்ணுக்குத் தெரியும், அதை நம்பிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீரைச் சுற்றிவிடுவதுதான் அதன் வேலை, கீழேயிருந்து உறிஞ்சி எடுக்க அதனால் ஆகாது. பிராவோ டிரைவ் என்றால் எஞ்சினிலேயே இம்பெல்லர் பம்ப் இருக்கும், அது உங்களுக்கு உதவும். எப்படியானாலும் உங்கள் பழைய எஞ்சினின் பம்பும், அடியிலிருந்து வால்வு, வடிகட்டி, பம்ப், கியர்பாக்ஸ் ஆயில் கூலர் என்று போகும் குழாய் வழியும் அப்படியே திரும்ப வர வேண்டும். கியர்பாக்ஸ் கூலர் ஸ்டெர்ன் டிரைவ் எஞ்சினில் இருக்காது. இருக்கும் சிறிய கூலர் பவர் ஸ்டீரிங்குக்கானது.

எக்ஸாஸ்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படி மாற்றிய எஞ்சின்கள் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். ஸ்டெர்ன் டிரைவில் இரண்டு பக்கப் புகையும் எஞ்சினுக்குப் பின்னால் கீழே வளைந்து, ஒரு ஒய் வடிவக் குழாயில் சேர்ந்து, பின்பலகை வழியே டிரைவுக்குள் இறங்கி வெளியேறும். இன்போர்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ரைசர் (புகையை மேலே ஏற்றி இறக்கும் வளைவு) உண்டு. அங்கிருந்து நீண்ட ரப்பர் குழாய் சரிவாகப் பின்பலகைக்குப் போகும். ரைசருக்குள் எந்த விளிம்பைத் தாண்டித் தண்ணீர் புகையோடு கலக்கிறதோ, அந்த விளிம்பு படகு நிற்கும்போதுள்ள நீர்மட்டத்துக்கு மேலே போதிய உயரத்தில் இருக்க வேண்டும். பொதுவாகச் சுமார் 12 அங்குலம் என்று எடுத்துக்கொள்வோம், உங்கள் எஞ்சின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. இன்போர்டு எஞ்சின் படகின் நடுவில், அடிமட்டத்தை ஒட்டித் தாழ உட்கார்ந்திருக்கும். அங்கே ஸ்டெர்ன் டிரைவின் குட்டை வளைவைப் போட்டால் எஞ்சினை அணைக்கும்போதும், பின்னால் அலை வந்து மோதும்போதும் தண்ணீர் திரும்பி உள்ளே ஏறிவிடும். ஆகவே ரைசர்கள் உங்களுடையவையே. வந்த எஞ்சினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பொருந்தினாலும் அப்படியே பயன்படுத்திவிடாமல் ரைசரைக் கழற்றி, இரண்டும் சேரும் முகத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் புகை போகும் துளை, சுற்றிலும் தண்ணீர் போகும் துளைகள். தண்ணீர்த் துளையிலிருந்து புகைத் துளைக்கு கேஸ்கட்டின் தடத்துக்குக் குறுக்கே மெல்லிய துருக்கோடு ஒன்று ஓடியிருந்தால், அந்த வழியாகத் தண்ணீர் ஏற்கெனவே கசிந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட சிலிண்டரின் ப்ளக்கைக் கழற்றினால் முனையிலும் துரு இருக்கும். உப்புத் தண்ணீரில் ஓடிய மேனிஃபோல்ட் என்றால், எவ்வளவு காலம் உழைத்தது என்று தெரியாதபோது நான் புதியதுதான் போடச் சொல்வேன்.

சாய்வும் இதோடு சேர்ந்ததுதான். ஸ்டெர்ன் டிரைவ் எஞ்சின் கிட்டத்தட்டச் சமமாக உட்காரும். நேரடி ஷாஃப்ட் இன்போர்டில் ஷாஃப்டின் கோணத்துக்கு ஏற்ப ஃப்ளைவீல் பக்கம் தாழ்ந்து, பல படகுகளில் 10 முதல் 15 டிகிரி வரை சாய்ந்திருக்கும். சமமான இன்டேக் மேனிஃபோல்டோடு (காற்றும் எரிபொருளும் சிலிண்டருக்குப் போகும் குழாய்த் தொகுதி) கார்பரேட்டரை அங்கே வைத்தால் அதன் மிதவைக் கிண்ணம் ஒரு பக்கமாக நிரம்பி, கலவை சரியாக வராது. சாய்வை ஈடுகட்டும் ஆப்பு வடிவத் தட்டு உங்கள் பழைய எஞ்சினில் கார்பரேட்டருக்குக் கீழே இருக்கும், அல்லது இன்டேக்கிலேயே அந்தக் கோணம் வார்த்திருப்பார்கள். ஆயில் அளவுக் குச்சியும் பொய் சொல்லும். எஞ்சினைப் படகில் வைத்த பிறகு, கையேட்டில் சொன்ன அளவு ஆயிலை அளந்து ஊற்றி, குச்சியில் புதிதாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய இன்டேக் புதிய எஞ்சினில் உட்காருமா என்பது ஆண்டைப் பொறுத்தது. 1987 முதல் ஹெட்டில் நடு போல்ட்களின் கோணம் மாறியது. 1996-இல் வந்த வோர்டெக் ஹெட்களுக்கு 8 போல்ட் உள்ள தனி இன்டேக்தான் சேரும், பழைய 12 போல்ட் இன்டேக் சேராது. அந்தக் காலத்து பிளாக்குகள் பலவற்றில் இயந்திர எரிபொருள் பம்ப் மாட்டும் இடமே குடையப்படாமல் இருக்கும், அப்போது படகுக்கான மின்பம்ப் வேண்டும். வயரிங்கைப் பொறுத்தவரை ஆல்பா எஞ்சினில், கியர் மாற்றும்போது நொடிநேரம் தீப்பொறியை நிறுத்தும் ஒரு சுவிட்ச் உண்டு. இன்போர்டுக்கு அது தேவையில்லை, முறையாக விலக்கிவிட வேண்டும். ஆனால் கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆக விடும் சுவிட்சை விட்டுவிடாதீர்கள், அது உங்கள் கியர்பாக்ஸில் இருக்கும். டிரிம் பம்ப், பவர் ஸ்டீரிங் பம்ப் இரண்டும் கழன்றுபோகும், பெல்ட்டின் நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். வேலையின் நடுவில் ஏதாவது ஒரு பாகம் குறைந்தால், பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று கார் கடையிலிருந்து ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கார்பரேட்டர், எரிபொருள் பம்ப் எதையும் வாங்கி மாட்டாதீர்கள். காரின் எஞ்சின் திறந்த காற்றில் ஓடுகிறது. படகில் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் அடிமட்டத்தில் தேங்கி நிற்கும். கடல் பயன்பாட்டுக்கான மின்பாகங்கள் உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டவை. எஸ்.ஏ.இ. ஜே1171 என்று அவற்றில் குறித்திருப்பார்கள். நீங்கள் வாங்கப்போவது படகு எஞ்சின் என்பதால் அதில் இருக்கும் மின்பாகங்கள் ஏற்கெனவே அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் முந்தைய உரிமையாளர் எதையாவது மாற்றியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதில் மிச்சம் பிடிக்கும் காசு உயிரோடு விளையாடுவது.

இனி இரண்டாவது கேள்வி. டிரைவையும் கொண்டுவந்து உங்கள் படகை ஸ்டெர்ன் டிரைவாக்குவது எஞ்சின் வேலையே அல்ல, படகையே திரும்பக் கட்டும் வேலை. மெர்க்ரூசர் டிரைவுக்குப் பின்பலகை தட்டையாக, சுமார் 2 முதல் 2¼ அங்குலத் தடிமனில், குறிப்பிட்ட சாய்வில் இருக்க வேண்டும். முழுத் தள்ளு விசையையும் அதுதான் தாங்கும். உங்கள் பின்பலகை அந்த விசைக்காகக் கட்டப்பட்டதல்ல, அதன் வேலை ஷாஃப்டுக்கும் ஸ்ட்ரிங்கருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருந்தது. பலப்படுத்தலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் படகின் நடுவில் இருந்த எஞ்சின் எடை மொத்தமும் கடைசிக்குப் போகும், அதோடு டிரைவின் எடையும் சேரும். நடுவில் எடை இருக்கும் என்று கணக்கிட்டு வரைந்த அடிப்பகுதி, மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஓடும்போது துள்ளும். எரிபொருள் தொட்டியை முன்னால் நகர்த்தினால் ஓரளவு ஈடுகட்டலாம், படகு முன்பு ஓடிய மாதிரி திரும்ப ஓடாது. இதே காரணங்கள் எதிர்த் திசைக்கும் பொருந்தும். ஸ்டெர்ன் டிரைவ் படகை இன்போர்டாக்க ஷாஃப்ட் துளை, ஸ்ட்ரட், சுக்கான், புதிய எஞ்சின் படுக்கை எல்லாம் வேண்டும். அதைச் செய்து முடித்தவர்கள் உண்டு, ஆனால் செலவைக் கூட்டிப் பார்த்தால் ஓடுகிற வேறு படகையே வாங்கியிருக்கலாம்.

நீங்கள் எழுதியதை வைத்து என்னால் தீர்மானிக்க முடியாதவை இரண்டு. அந்த எஞ்சின் உள்ளே நலமாக இருக்கிறதா என்பது ஒன்று. படகு மக்கும்வரை கிடந்தது என்றால் குளிர்காலத்தில் உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து பிளாக்கை வெடிக்கவைத்திருக்க வாய்ப்பு உண்டு, உங்கள் பழையதுக்கும் அதுதான் நடந்திருக்கலாம். ஆயில் பால் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளவு எடுங்கள், முடிந்தால் தண்ணீர்ப் பாதையில் காற்றழுத்தம் கொடுத்துச் சோதியுங்கள். இன்னொன்று உங்கள் படகின் ஸ்ட்ரிங்கர். எஞ்சின் வெளியே இருக்கும்போதே கால் போல்ட்களைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த எஞ்சினை வைத்தும் பயனில்லை.

எஞ்சினை இறக்கிய பிறகு ஷாஃப்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலான இரண்டு தட்டுகளையும் சேர்த்து, சுற்றிலும் நான்கு இடத்தில் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். இடைவெளியின் வித்தியாசம் 0.003 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது சுமார் 0.08 மில்லிமீட்டர். தரையில் ஒருமுறை செய்துவிட்டு, படகு தண்ணீரில் இறங்கி ஒரு நாள் மிதந்த பிறகு கட்டாயம் இன்னொருமுறை செய்யுங்கள். தாங்குகட்டையில் நிற்கும் உடலின் வடிவமும் தண்ணீரில் மிதக்கும் உடலின் வடிவமும் ஒன்றல்ல. கடைசியாக, வழக்கமான ஆட்களோடும் பாதி எரிபொருளோடும் முழு த்ராட்டில் கொடுத்து ஆர்.பி.எம். எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கார்பரேட்டர் வைத்த 5.7-க்கு வழக்கமான எல்லை 4400 முதல் 4800 வரை. அதற்குக் கீழே நின்றால் ப்ரொப்பெல்லரின் பிட்ச் (அதன் இறக்கைகளின் சாய்வளவு) அதிகம், மேலே போனால் குறைவு. வந்த எஞ்சினின் குதிரைசக்தி பழையதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால் பழைய ப்ரொப்பெல்லரே சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கியர்பாக்ஸ் தகட்டில் உள்ள மாடல் எண்ணையும், பழைய எஞ்சினின் ப்ளக் வரிசையையும், வாங்கப்போகும் எஞ்சினின் பின்பக்கம் இடதுபுற விளிம்பில் பெல் ஹவுசிங் சேரும் இடத்தில் வார்த்திருக்கும் எண்ணையும் எழுதி அனுப்பினால், எந்தெந்தப் பாகம் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.